மூட்டையைப் பற்றிய பத்தொன்பது குறிப்புகள்

மூட்டை வந்து பதின்மூன்று நாட்கள் ஆகியிருந்தன. பத்தொன்பது குறிப்புகளில் பதினாறுக்கு எதிரே அவள் ‘இல்லை’ என்று எழுதியிருந்தாள்.

“எதுக்கும் நல்லாப் பாத்துடுக்கா,” என்றான் தம்பி, அவள் தோளுக்குப் பின்னாலிருந்து தாளை எட்டிப் பார்த்தபடி. “வேற நாய மாத்திக் குடுத்துட்டாங்களோ என்னவோ.”

மூட்டை சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே, யார் எங்கே போனாலும் தாண்டித்தான் போக வேண்டிய இடத்தில், சாய்ந்து படுத்திருந்தது. பழுப்பு நிறம், ஐந்து வயது, இடது காது மடிந்தது. படுத்தால் யாரோ இறக்கி வைத்துவிட்டு மறந்துபோன சரக்கு மாதிரி இருக்கும். பெயர் அப்படி வந்ததுதான்.

மறுநாள் மாலை, இதுவரை அதை வைத்திருந்த லிஃப்ட்காரர் வருவார். தாளைப் படிப்பார், நாயைப் பார்ப்பார், அது இங்கேயே இருக்கலாமா கூடாதா என்று சொல்வார். அவர் சொல்வதுதான் முடிவு.

மூட்டையைக் காப்பாற்றிய அமைப்புக்குச் சொந்தமாகக் கட்டடம் எதுவும் கிடையாது. தெருவிலிருந்து மீட்கப்படும் நாய்களும் பூனைகளும் உறுப்பினர்களின் வீடுகளில் தங்கியிருக்கும். யாராவது நிரந்தரமாகத் தத்தெடுக்கும்வரை அதுதான் வீடு. தத்துக் கேட்பவரிடம் முதலில் இரண்டு வாரம் விட்டுப் பார்ப்பார்கள். பதினாலாம் நாள், அதுவரை வைத்திருந்தவர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார், அல்லது நாயைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். பழகியவருக்குத்தான் அதன் மனசு தெரியும் என்பது அமைப்பின் எண்ணம்.

லிஃப்ட்காரர் என்பவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பதினோரு மாதங்களுக்கு முன்பு ஓர் அலுவலகக் கட்டடத்தில், லிஃப்ட் ஓடும் குழியின் அடியில் மசகு போட இறங்கியவர், டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கண்களைப் பார்த்தார். அதுவரை அவர் வீட்டில் ஒன்பது நாய்கள் தங்கிப் போயிருந்தன. எதுவும் இரண்டு மாதத்தைத் தாண்டியதில்லை. மூட்டைக்கு மட்டும் ஆளே அமையவில்லை. வந்த மூன்று குடும்பங்களையும் அவரே திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு வீட்டில் எல்லோரும் சத்தமாகச் சிரித்தார்களாம். ஒரு வீட்டில் மாடிக் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி அதிகமாம். மூன்றாவது வீட்டில் என்ன குறை என்று அவரே சொல்லவில்லை.

“நல்ல மனுஷன்தான்,” என்று அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் அவளை எச்சரித்திருந்தார். “ஆனா இந்த நாய் விஷயத்துல மட்டும் பொண்ணு பாக்க வந்தவங்கள வெரட்டுற அப்பா மாதிரி.”

முதல் நாள் அவர் மூட்டையோடு அதன் மெத்தை, தட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாள் ஆகியவற்றைக் கொண்டுவந்து வைத்தார். லிஃப்ட் இயந்திர அறைகளில் தொங்குமே, சோதனை அட்டவணை, அதே மாதிரித் தாள். வரிசை எண், குறிப்பு, எதிரே காலிக் கட்டம்.

“அவன் பழக்கம் எல்லாம் இதுல இருக்கும்மா. தினமும் பாத்துக் குறிச்சிட்டு வாங்க. இங்க ஒட்டிக்கிட்டானா இல்லையான்னு இதுலயே தெரிஞ்சிடும்.”

தாளை யாரிடம் கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. அவள் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாகத் தரம் பார்ப்பவள். ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் மாத்திரைகளை எடுத்து எடை பார்க்க வேண்டும், அழுத்திப் பார்க்க வேண்டும், தண்ணீரில் போட்டு எத்தனை நிமிடத்தில் கரைகிறது என்று எழுத வேண்டும். முப்பது நிமிடத்துக்குள் கரைய வேண்டிய மாத்திரை முப்பத்தோராவது நிமிடம் கரைந்ததற்காக ஒருமுறை இரண்டு லட்சம் மாத்திரைகளை நிறுத்தி வைத்தவள். கண்ணால் பார்க்காத எதையும் கட்டத்துக்குள் எழுதியதில்லை.

இரண்டாம் குறிப்பு: மதியம் ஒரு மணிக்கு வானொலிச் செய்தி ஓடினால்தான் கண் அசருவான்.

பகலில் வீட்டில் இருப்பது தம்பிதான். ஒரு விமான நிறுவனத்துக்காக, காதில் மாட்டிய கருவியோடு, நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்பது அவன் வேலை. அக்கா சொன்னபடி சரியாக ஒரு மணிக்கு வானொலியைப் போட்டான். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த மூட்டை எழுந்து, துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

ஐந்தாம் குறிப்பு: நாலு மணிக்கு இரண்டு பிஸ்கட். ஒன்றை மட்டும் டீயில் நனைத்துக் கொடுக்க வேண்டும். மூட்டை நனையாத பிஸ்கட்டைத் தின்றது. நனைத்ததை முகர்ந்து பார்த்துவிட்டு, இதை ஏன் கெடுத்தாய் என்பதுபோலத் தம்பியை நிமிர்ந்து பார்த்தது. வீணாக்க வேண்டாமே என்று அவனே அதைத் தின்றான். பத்தாம் நாள் வாக்கில், நாலு மணிக்கு டீயும் நனைத்த பிஸ்கட்டும் இல்லாமல் அவனுக்கு மன்னிப்புக் கேட்க வரவில்லை.

ஒன்பதாம் குறிப்பு, தூங்கும்போது பாதத்தை மட்டும் போர்த்த வேண்டும் என்றது. அவள் போர்த்திய துண்டை மூட்டை உதைத்துத் தள்ளியது. நாலு தடவை போர்த்தினாள், நாலு தடவையும் உதைத்தது. நாலையும் நேரத்தோடு எழுதி வைத்தாள். பதினொன்றாம் குறிப்பு, அறையில் யாராவது பத்து நிமிடத்துக்கு மேல் தொலைபேசியில் பேசினால் எழுந்து வெளியே போய்விடுவான் என்றது. தம்பி ஒரு பயணியிடம் தொலைந்த பெட்டிக்காக நாற்பத்தேழு நிமிடம் மன்னிப்புக் கேட்டபோது, மூட்டை அவன் காலடியில் குறட்டை விட்டது.

எல்லாவற்றையும்விட அவளைக் குழப்பியது பதினேழாம் குறிப்புதான். லிஃப்ட்டில் ஏற மாட்டான். படிதான்.

குழியில் கிடந்த நாய், பயம் இருக்கத்தானே செய்யும் என்று முதல் இரண்டு நாள் நான்கு மாடியும் அதோடு ஏறி இறங்கினாள். மூன்றாம் நாள் காலை, பக்கத்து வீட்டுக்காரர் லிஃப்ட்டை விட்டு வெளியே வந்தார். கதவு மூடுவதற்குள் மூட்டை உள்ளே நுழைந்து, வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, அவள் ஏறுவதற்காகக் காத்திருந்தது. அவள் அதைச் சமாதானப்படுத்தி வெளியே கூட்டிவந்து படி வழியாக இறங்கினாள். தாளில் எழுதினாள்: ‘இல்லை. லிஃப்ட்டில் ஏறியது. இறக்கப்பட்டது.’

“பேசாம எல்லாத்துக்கும் டிக் போட்டுடுக்கா,” என்றான் தம்பி இப்போது. “அவர் என்ன, கேமரா வெச்சா பாக்கப் போறாரு?”

“பாக்காதத எப்படிடா எழுதறது?”

“நான் ஒரு நாளைக்கு எம்பது பேர்கிட்ட ‘உங்க கஷ்டம் எனக்குப் புரியுது’ன்னு சொல்றேன். எனக்கு என்ன புரியுது? ஒண்ணும் புரியல. எல்லாரும் நிம்மதியா ஃபோன வைக்கறாங்க.”

“பிரச்சின டிக் இல்லடா.” அவள் பேனாவைக் கீழே வைத்தாள். “இவ்வளவு பழக்கம் இருந்த நாய் இங்க வந்து கால்வாசிகூடச் செய்யலன்னா, அது இங்க அதுவா இல்லன்னுதானே அர்த்தம். பயத்துல எல்லாத்தயும் உள்ள வெச்சு அமுக்கிக்கிட்டு இருக்குது.”

இருவரும் மூட்டையைப் பார்த்தார்கள். அமுக்கி வைத்துக்கொண்டிருந்த நாய் நாலு காலையும் மேலே தூக்கி, வாயைத் திறந்து தூங்கியது.

“ரொம்ப அமுக்குது,” என்றான் தம்பி.

அவள் சிரிக்கவில்லை. இந்தப் பதின்மூன்று நாளில் ஒருநாள்கூட அவள் கூடுதல் நேர வேலைக்கு நிற்கவில்லை. உடம்புக்கு முடியவில்லையா என்று மேலாளர் இரண்டு தடவை விசாரித்துவிட்டார். முன்பெல்லாம் எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து தம்பியிடம் “சாப்டியா?” என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்பவள், இப்போது ஐந்து பத்துக்கே பேருந்தை விட்டு இறங்கி, அன்று எந்தத் தொகுப்பு தேறியது, எது தேறவில்லை என்று ஒரு நாயிடம் அரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூட்டையும் மடிந்த காதை அவள் பக்கம் வைத்துக் கேட்டுக்கொள்கிறது. இதையெல்லாம் எழுத அந்தத் தாளில் கட்டம் எதுவும் இல்லை.

மறுநாள் ஆறு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் லிஃப்ட்காரரின் மனைவி மட்டும் நின்றார். ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவர். தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறேன் என்று சொல்பவர்களைப் பார்த்துப் பார்த்து, யார் என்ன சொன்னாலும் லேசாகச் சிரிக்கும் முகம் அவருக்கு அமைந்துவிட்டிருந்தது.

“சார் வரலயா அக்கா?”

“வர்றாரு. படியில.”

“ஐயோ, லிஃப்ட் ஓடலயா?”

“அதெல்லாம் ஓடுது. நான் அதுலதானே வந்தேன். இவருக்கு வேலைன்னா லிஃப்ட் கூரை மேல நின்னுக்கிட்டுகூடப் போவாரு. வேலை இல்லன்னா ஏற மாட்டாரு. உள்ள என்னென்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்பாரு.”

தம்பி மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தான். அவள் தாளில் மடிப்பு விழாமல் உறைக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். கவனிக்கவில்லை.

லிஃப்ட்காரர் மேல்மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். மூட்டை எழுந்து ஓடியது. அவர் கால்சட்டையை முழங்கால்வரை முகர்ந்தது, வாலை ஆட்டியது, அவர் காலில் உடம்பைச் சாய்த்து ஒரு நிமிடம் நின்றது. அவர் குனிந்து மடிந்த காதை நிமிர்த்திவிட்டார். அது மறுபடி மடிந்தது. பிறகு மூட்டை தன் பழைய இடத்துக்கே திரும்பி, எல்லோருக்கும் நடுவே சரிந்தது.

“இளைச்சிட்டான்,” என்றார்.

“நானூறு கிராம் கூடியிருக்கு சார். நேத்து எடை பாத்தேன்.”

அவர் மூட்டையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். தம்பி உட்கார்ந்திருந்த ஜன்னலோர நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். வேறு மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. தம்பி எழுந்து இடம் கொடுக்கும்வரை ஜன்னல் கம்பியை ஆராய்ந்துகொண்டு நின்றுவிட்டு, உட்கார்ந்ததும், “ஃபேன கொஞ்சம் குறைச்சுக்கலாமா? காலு சில்லுங்குது,” என்றார்.

தம்பி வேகத்தைக் குறைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். அவன் தோள் லேசாகக் குலுங்கியது. என்னடா என்று அவள் கண்ணால் அதட்டினாள்.

டீ வந்தது, பிஸ்கட்டும் வந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் தாளைப் பிடித்தபடி, மறுகையால் ஒரு பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றார். இன்னொன்றை நனைக்காமல் தின்றார்.

“ரேடியோ?”

“போட்டோம் சார். எழுந்து போயிடுச்சு.”

“சத்தமா வெச்சிருப்பீங்க.”

“மூணு அளவுல வெச்சுப் பாத்தோம். மூணுலயும் போயிடுச்சு.”

“ஜன்னல் நாற்காலி?”

“ஒரு தடவகூட ஏறல சார்.”

அவர் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஒவ்வொரு ‘இல்லை’யிலும் ஒரு வினாடி நின்றது. முகத்தில் எதையோ நிரூபித்துவிட்ட களையும், அப்படி நிரூபித்தது பிடிக்காத களையும் சேர்ந்தே தெரிந்தன. கடைசியில் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“பதினாறு ‘இல்லை’,” என்றார். “நீங்க நல்லாத்தாம்மா பாத்திருக்கீங்க. ஆனா அவன் இங்க அவனா இல்ல.”

“தெரியும் சார்,” என்றாள் அவள். “எனக்கும் அப்படித்தான் பட்டுது. டிக் போட்டிருக்கலாம், தம்பிகூடச் சொன்னான். போட்டா நீங்க விட்டுட்டுப் போயிடுவீங்க. ஆனா புது இடத்துல இருக்கப் போறது அதுதானே, நான் இல்லையே.” சொல்லிவிட்டு, மூட்டையின் மெத்தையைச் சுருட்டுவதற்குக் குனிந்தாள்.

லிஃப்ட்காரர் எழுந்தார். நாயைக் கூப்பிடப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் கூப்பிடவில்லை. நாலு எட்டு நடந்து, சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டார்.

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். “அந்தத் தாள இப்படிக் குடும்மா. இவரு இத இயந்திர அறையில உக்காந்து எழுதினாரு. என்கிட்ட காட்டவே இல்ல.”

படிக்கத் தொடங்கினார். இரண்டாவதில் புருவம் உயர்ந்தது. ஐந்தாவதில் கையால் வாயை மூடிக்கொண்டார். எட்டையும் ஒன்பதையும் தாண்டும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“பதினாலு,” என்று சத்தமாகவே வாசித்தார். “மனசு சரியில்லன்னா சமையலறை வாசல்ல வந்து நிப்பான். எதுவும் கேக்க மாட்டான். நாமதான் புரிஞ்சுக்கணும்.” தாளை இறக்கினார். “என்னங்க, இப்ப நீங்க எங்க நிக்கறீங்க?”

லிஃப்ட்காரர் தன் காலைப் பார்த்தார். பிறகு நிலைச்சட்டத்தைப் பார்த்தார்.

“இது நாயோட தாளா? இருபத்தாறு வருஷமா நான் குடும்பம் நடத்துற ஆளோட தாளுங்க இது. ஞாயித்துக்கிழம ஒரு மணிச் செய்தி இல்லாம யாரு தூங்க மாட்டாங்க? என் அக்கா ஃபோன் பண்ணினா பத்தாவது நிமிஷம் யாரு எழுந்து வெளிய போவாங்க? பாவம் இந்தப் பொண்ணு, உங்க காலைத்தான் போர்த்திக்கிட்டு இருந்திருக்கு ரெண்டு வாரமா.”

தம்பிக்கு அடக்க முடியவில்லை. “சார், மன்னிச்சிடுங்க,” என்று சொல்லிக்கொண்டே சிரித்தான். அவன் தொழில்முறையில் கேட்கும் மன்னிப்புகளை எல்லாம்விட அது உண்மையானதாக இருந்தது.

“அவனும் செய்வான்,” என்றார் லிஃப்ட்காரர், குரல் சற்று இறங்கி. “என்கூடத்தான் படுப்பான் மதியத்துல. ரேடியோ ஓடும்போது.”

“நீங்க படுத்தா அவனும் படுப்பான். அவ்வளவுதான்.”

அவள் சுருட்டிய மெத்தையைக் கையில் பிடித்தபடி நின்றாள். சிரிக்கலாமா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. “ஆனா அக்கா, பத்தொன்பது சரியா இருக்குதே. அது ஆமான்னுதான் எழுதியிருக்கேன்.”

பத்தொன்பதாம் குறிப்பு: விட்டுவிட்டுப் போனால் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எதிரே அவள், தம்பி பார்த்துச் சொன்ன நேரங்களோடு, கட்டம் போதாமல் ஓரத்தில் எழுதியிருந்தாள்: முதல் நாள், இரவுவரை. இரண்டாம் நாள், மதியம்வரை. மூன்று முதல் ஐந்து, இல்லை. ஆறாம் நாளிலிருந்து தினமும் மாலை 5.10 முதல் 5.20 வரை.

“சார் வேலை முடிஞ்சு வர்ற நேரம்னு நெனச்சேன்,” என்றாள். “அவரத்தான் தேடுதுன்னு.”

“இவரா? வேலை நாள்ல ஏழு மணிக்கு முன்னாடி இவரு வீட்டுக்கு வந்ததே கெடையாதும்மா.”

“அஞ்சு இருபதுக்கு யாரு வருவாங்க?” என்றார் லிஃப்ட்காரர்.

தம்பிதான் சொன்னான். “இவதான் சார் வருவா. பஸ் தெருமுனையில திரும்பற சத்தம் கேட்டா எழுந்து போய் உக்காந்துடும். எனக்கு அந்தச் சத்தம் கேக்கவே கேக்காது.”

லிஃப்ட்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பழுது பார்த்து முடித்ததும் ஒருமுறை மேலும் கீழும் ஓட்டிப் பார்க்காமல் அவர் எந்த லிஃப்ட்டுக்கும் கையெழுத்துப் போட்டதில்லை.

“ஒரு தடவ ஓட்டிப் பாத்துடுவோம்,” என்றார். “நீங்க கீழ போய் நில்லுங்கம்மா. கூப்பிடற வரைக்கும் வராதீங்க.”

அவள் மெத்தையை வைத்துவிட்டுப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது.

மூட்டை தலையைத் தூக்கியது. எழுந்தது, உடம்பை ஒருமுறை உதறியது, கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. அரை நிமிடம் ஆயிற்று. லிஃப்ட்காரர் ஒரு முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து, பதினோரு மாதமாகக் கூப்பிட்ட அதே குரலில் மெதுவாக, “மூட்டை,” என்றார்.

மடிந்த காது அவர் பக்கம் திரும்பியது. வாலும் தரையில் இரண்டு தடவை அடித்தது, கேட்டது என்று மரியாதைக்குச் சொல்வதுபோல. முகம் மட்டும் கதவிலிருந்து திரும்பவில்லை.

அவர் இன்னொரு தடவை கூப்பிடவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “தம்பி, அக்காவ வரச் சொல்லுப்பா,” என்றார்.

அவள் வந்து கதவைத் திறந்ததும் மூட்டை, அவள் ஒரு மாதம் வெளியூர் போய் வந்த மாதிரி, அவள் செருப்பை ஒரு காலிலிருந்து உருவிக்கொண்டு கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றியது. ஒரு காலில் நின்றபடி அவள் லிஃப்ட்காரரின் முகத்தைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே படிவத்தை மேசையில் விரித்துப் பேனாவைத் திறந்திருந்தார். கையெழுத்து நீளமாக, நிதானமாக விழுந்தது.

“அவன மாடிப் பக்கம் தனியா விடாதீங்க,” என்றார். “அப்புறம், ரேடியோ வேணாம்னா போட வேணாம்.”

“சரிங்க சார்.”

“அந்தத் தாளக் குடுங்க. கிழிச்சுப் போட்டுடறேன்.”

“எதுக்குக் கிழிக்கணும்?” மனைவி அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். “இனிமே இது எனக்குத்தான் வேணும். அடுத்த வாரம் ரெண்டு பூனை வருது. அதுங்களுக்கும் இதயே எழுதிடாதீங்க.”

வழியனுப்ப எல்லோரும் வெளியே வந்தார்கள். லிஃப்ட் கதவு திறந்ததும் மூட்டை யாரையும் கேட்காமல் உள்ளே போய், வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தது. இந்த முறை அவள் அதை இறக்கவில்லை. கழுத்து வாரைப் பிடித்துக்கொண்டு தானும் ஏறினாள். மனைவியும் ஏறினார். லிஃப்ட்காரர் முதல் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார்.

“அவன் நெசமாவே இதுல ஏறுறானா?”

“மூணாம் நாளே ஏறிட்டான் சார். நான்தான் குறிப்பு பதினேழுன்னு இறக்கிட்டே இருந்தேன்.”

அவர் நாயைப் பார்த்தார். நாய் அவரைப் பார்த்தது. கதவு மூடத் தொடங்கியது; அவர் கையை நீட்டி அதைத் தடுத்தார்.

“கதவு உருளையில ஒரு சத்தம் வருது,” என்றார். “உள்ள நின்னு கேட்டாத்தான் எங்கேருந்து வருதுன்னு தெரியும்.”

சொல்லிக்கொண்டே ஏறி, மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சின்ன இடத்தில் நின்றார். மூட்டை அவர் காலில் சாய்ந்துகொண்டது. கதவு மூடியது. சத்தம் எதுவும் வந்ததாக மற்றவர்களுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் மாடியைத் தாண்டும்போது மனைவி கைப்பையைத் திறந்து தாளை எடுத்தார். கணவரின் சட்டைப்பையிலிருந்தே பேனாவை உருவி, பதினேழாம் குறிப்புக்கு எதிரே, ஏற்கெனவே இருந்த ‘இல்லை’க்குக் கீழே, இன்னொரு ‘இல்லை’ எழுதினார்.